சொந்த வீட்டை வைத்து ஓய்வுக்கால வருமானம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி இதுதான்: "எனக்கு 63 வயது, மனைவிக்கு 59. அம்பத்தூர் எஸ்டேட்டில் தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பி.எஃப். பென்ஷன் மாதம் 4,200 ரூபாய். கையில் 22 லட்சம் இருக்கிறது. கொரட்டூரில் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) கீழ் வீடு, மாடி வீடு என்று சொந்தமாகக் கட்டியது; இன்றைக்கு ஒரு கோடியே 20 லட்சம் போகும் என்கிறார்கள். மாதச் செலவு 38,000. மகன் பெங்களூரில், மகள் கோவையில். அவர்கள் வந்தால் தங்குவதற்காக மாடியை அப்படியே வைத்திருக்கிறோம். ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வீட்டை அடமானம் வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்குவது) போடலாமா, விற்றுவிட்டுச் சின்ன ஃப்ளாட்டுக்குப் போகலாமா, இல்லை மகன் பெயருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு அவனிடம் மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாமா?"

சார், நீங்கள் கேட்ட மூன்று வழிகளில் கடைசி வழியை மட்டும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். மற்ற இரண்டும் நல்ல வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது உண்டு. 63 வயதில் செய்ய வேண்டியதை 76-ல் செய்ய முடியாது, 76-ல் செய்ய வேண்டியதை 63-ல் செய்தால் நஷ்டம். நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் எண்களை வைத்தே பேசுகிறேன்.

முதலில் உங்கள் நிலவரம். 22 லட்சத்தில் 4 லட்சத்தை ஆஸ்பத்திரி, அவசரம் என்று வங்கியில் தனியாக வையுங்கள். மீதி 18 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மாதக் கணக்குக்கு 12,300 ரூபாய் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகத் தருவார்கள். பென்ஷனையும் சேர்த்தால் 16,500. செலவு 38,000. ஆக மாதம் 21,500 துண்டு விழுகிறது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அந்த 4,200 பென்ஷன் விலைவாசிக்கு ஏற்ப ஏறப்போவதில்லை. சேமிப்புத் திட்ட வட்டியும் போட்ட நாளில் என்ன விகிதமோ அதேதான், ஐந்து வருடத்துக்கும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 38,000 ரூபாய்ச் செலவு 12 வருடத்தில் 76,000 ஆகிவிடும். உங்களிடம் இருப்பதில் விலைவாசியோடு சேர்ந்து ஏறக்கூடியது வீடு ஒன்றுதான். அதனால் அதை எப்போது, எந்த அளவுக்குப் பணமாக்குவது என்பதில் அவசரம் காட்டக்கூடாது.

சரி, ரிவர்ஸ் மார்ட்கேஜுக்கு வருவோம். இதை 2007-08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்தார். அதே ஆண்டு தேசிய வீட்டுவசதி வங்கி இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. சாதாரண வீட்டுக்கடனில் நாம் வங்கிக்கு மாதத் தவணை கட்டுகிறோம். இதில் வங்கி நமக்கு மாதத் தவணை தருகிறது. 60 வயது ஆகியிருக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் ஒருவர் 60-ஐத் தாண்டியிருந்து, மற்றவர் 55-க்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பது நெறிமுறை. சில வங்கிகள் 58 கேட்கும். வீடு சுயமாகச் சம்பாதித்ததாக, நாமே குடியிருப்பதாக இருக்க வேண்டும். பூர்வீகச் சொத்து, பாகம் பிரிக்காத சொத்து என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நல்ல விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இருவரில் கடைசி ஆள் இருக்கும்வரை வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்ல மாட்டார்கள், வீட்டு வரியைக் கட்டி, வீட்டைப் பராமரித்து, அங்கேயே குடியிருந்தால். வருகிற பணம் கடன்தான், வருமானம் இல்லை என்பதால் வருமான வரி கிடையாது. 2008-ல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தினார்கள். இருவரும் போன பிறகு பிள்ளைகள் கடனைக் கட்டி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் வங்கி விற்று, கடன் போக மீதியை அவர்களிடம் கொடுத்துவிடும். கடன் வீட்டு விலையைத் தாண்டிப் போயிருந்தாலும் மிச்சத்துக்காகப் பிள்ளைகளின் கழுத்தில் கை வைக்க முடியாது.

இவ்வளவு இருந்தும் நம் ஊரில் இது ஏன் எடுபடவில்லை? பிள்ளைகளுக்குச் சொத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். வங்கி மதிப்பீடு செய்து, உங்கள் வயதைப் பார்த்து, 50 லட்சம் வரை தரலாம் என்கிறது என்று வையுங்கள். இந்த 50 லட்சம் என்பது உங்கள் கைக்கு வரும் தொகை கிடையாது. 15 வருட முடிவில் நீங்கள் வாங்கிய பணமும் அதன் மேல் ஏறிய வட்டியும் சேர்ந்து 50 லட்சத்தில் வந்து நிற்க வேண்டும். 10 சதவீத வட்டியில் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மாதம் 12,064 ரூபாய் கிடைக்கும். 15 வருடத்தில் நீங்கள் மொத்தமாக வாங்குவது சுமார் 21 லட்சத்து 70 ஆயிரம், வட்டி 28 லட்சத்து 30 ஆயிரம். 78 வயதில் தவணை நின்றுவிடும். வீட்டில் தொடர்ந்து இருக்கலாம், ஆனால் வட்டி நிற்காது. 85 வயதில் அந்த 50 லட்சம் ஒரு கோடி ஆகியிருக்கும். அந்த 12,064 ரூபாயும் ஏறாது. வீட்டு மதிப்பை வங்கி ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் அதனால் தவணை ஏறிவிடும் என்று நம்பி உட்கார முடியாது.

இன்னொன்று, உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதையும் கடனை முன்கூட்டியே முடித்துவைக்கும் காரணங்களில் ஒன்றாக நெறிமுறையில் சேர்த்திருக்கிறார்கள். அதாவது ரிவர்ஸ் மார்ட்கேஜ் போட்டால் மாடியை வாடகைக்கு விட முடியாமல் போகலாம். கொரட்டூரில் இரண்டு படுக்கையறை உள்ள மாடி வீட்டுக்கு, பழசாகவே இருந்தாலும் 14,000 ரூபாய் கேட்கலாம். 12,000 கடன் வாங்குவதற்காக 14,000 வருமானத்தை விட்டுக்கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

இதே திட்டத்தை 76 வயதில் போட்டால் எண்கள் வேறு மாதிரி இருக்கும். வயது கூடக்கூட வங்கி தரும் விகிதமும் கூடும். வீட்டு விலை ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 60 லட்சம் வரம்பு, பத்து வருடம் என்றால் மாதம் 29,000 ரூபாய்க்கு மேல் வரும். படியேறவும் வாடகைக்காரரோடு பேசவும் தெம்பு குறையும் வயதில் அது உதவும். அந்த வயதில் பெரிய சிகிச்சை வந்தால் வரம்பில் ஒரு பகுதியை மொத்தமாக எடுக்கவும் வழி இருக்கிறது. எனவே ரிவர்ஸ் மார்ட்கேஜ் கெட்ட திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அது 75-க்கு மேல் வேறு வழிகள் தேய்ந்தபின் கைகொடுக்க வேண்டிய திட்டம். அதுவரைக்கும் பத்திரத்தை வில்லங்கம் இல்லாமல் வைத்திருப்பதுதான் நம் வேலை.

அப்போது இன்றைக்கு என்ன செய்வது? மாடியைத் திறங்கள்.

பிள்ளைகள் வந்தால் தங்க இடம் வேண்டும் என்று நீங்களும் உங்கள் மனைவியும் நினைப்பது எனக்குப் புரிகிறது. பீரோவில் பேரனின் பழைய சட்டை, சுவரில் மகளின் கல்லூரிப் படம், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் ஓடும் மின்விசிறி என்று இந்த ஊரில் எத்தனையோ மாடிகள் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் வருடத்துக்கு இருபது நாள் தங்குவதற்காக 1,68,000 ரூபாய் வாடகையை விடுகிறீர்கள். அவர்கள் வரும்போது கூடத்தில் பாய் விரித்துப் படுத்தால் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் சந்தோஷம். பெரியவர்களுக்கு வசதி போதாது என்றால் பக்கத்தில் நல்ல விடுதியில் அறை போட்டுக் கொடுத்தாலும் வருட வாடகையில் ஒரு பகுதிதான் ஆகும்.

வாடகைக்கு விடுவதற்கு முன் மாடிக்குத் தனி மின் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். கீழும் மேலும் ஒரே மீட்டரில் ஓடும் வீடுகளில் சண்டை வருவது பெரும்பாலும் கரண்ட் பில்லில்தான். மோட்டார் யார் போடுவது, தண்ணீர் லாரி வந்தால் யார் எவ்வளவு என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வெறும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதம் என்று எழுதி மேசைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் போதாது. நாளைக்கு வீட்டை விற்கவோ நீங்களே மாடிக்குப் போகவோ நேர்ந்தால், காலி செய்ய வைப்பதற்கு அந்தப் பதிவுதான் துணை. வருடம் 5 சதவீத ஏற்றத்தையும் அதிலேயே எழுதுங்கள். அட்வான்ஸாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். சென்னையின் பழைய பத்து மாதக் கணக்கை மறந்துவிடலாம். அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதைச் செலவுக்கு எடுக்காதீர்கள்.

நீங்கள் இருவரும் கீழ் வீட்டிலேயே இருங்கள். கீழ் வீட்டுக்குக் கூட வாடகை வரும் என்று தரகர் ஆசை காட்டுவார். முழங்கால் வலி வந்த பிறகு ஆயிரம் ரெண்டாயிரத்துக்காக மாடி ஏறிய வருத்தம் தாங்காது.

சிலர் ஒத்திக்கு விடச் சொல்வார்கள். போக்கியம், லீஸ் என்று பேர்தான் வேறு: குடிவருபவர் ஏழெட்டு லட்சம் மொத்தமாகக் கொடுப்பார், வாடகை கிடையாது, இரண்டு மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். 8 லட்சத்தை அதே 8.2 சதவீதத்தில் போட்டால் மாதம் 5,470 ரூபாய்தான் வருகிறது. வாடகையோ 14,000. யாருக்கு இது லாபம் என்பது தெரிகிறது. தனிநபர் கடன், கந்துவட்டி என்று ஏதாவது கழுத்தை நெரித்தால், அதை அடைப்பதற்கு ஒத்திப் பணம் உதவும். உங்களுக்கு அப்படிக் கடன் எதுவும் இல்லை, அதனால் வேண்டாம். ஒத்திப் பணத்தில் பெண் கல்யாணத்தை முடித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாடி வாடகை வந்தால் மொத்த வருமானம் 30,500. இன்னும் 7,500 துண்டு. இதை ஒன்றிரண்டு வருடம் கையிருப்பிலிருந்தோ பிள்ளைகள் உதவியிலோ சமாளிக்கலாம், ஆனால் 15 வருடம் முடியாது. அதனால்தான் இரண்டாவது வழியை, அதாவது விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போவதை, நீங்கள் உண்மையாகவே யோசிக்க வேண்டும் என்கிறேன்.

1998 வாக்கில் மனை வாங்கி, 2003 வாக்கில் கட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பைக் கொள்முதல் விலையாக எடுக்கலாம், ஆனால் அரசின் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. மனை 3 லட்சம், கட்டடம் 8 லட்சம், ஆக 11 லட்சம். விற்பது ஒரு கோடியே 20 லட்சம் என்றால் லாபம் ஒரு கோடியே 9 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் இரண்டு வழிகளில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்: பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். சரிக்கட்டல் போட்டால் உங்கள் 11 லட்சம் ஏறக்குறைய 39 லட்சமாக ஏறும், லாபம் 81 லட்சம், அதில் 20 சதவீதம் 16 லட்சத்துக்கு மேல். சரிக்கட்டல் இல்லாமல் 13 லட்சத்து 60 ஆயிரம்தான். உங்கள் கணக்குக்கு 12.5-தான் மலிவு. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. 2010-க்குப் பிறகு நல்ல விலை கொடுத்து வாங்கியவர்களுக்குப் பல நேரம் தலைகீழாக வரும். ஆடிட்டரை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இது புது வீடு வாங்காவிட்டால் வரும் வரி. பத்திரச் செலவு உட்பட 65 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் வாங்கினால் அந்த 65 லட்சம் லாபத்திலிருந்து கழிந்துவிடும். விற்பதற்கு ஒரு வருடம் முன்போ விற்றபின் இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும். மீதி 44 லட்சத்துக்கு 12.5 சதவீதம் ஐந்தரை லட்சம், செஸ் தனி. இந்த இடத்தில் பலரும், "அந்த வரியும் வேண்டாம், பாண்டில் போட்டுவிடுங்கள்" என்பார்கள். நெடுஞ்சாலை ஆணையம், ஊரக மின்மயமாக்கல் நிறுவனமான ஆர்.இ.சி. போன்றவற்றின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை போட்டால் வரி இல்லை என்பது சரிதான். ஆனால் பணம் ஐந்து வருடம் பூட்டிக் கிடக்கும், வட்டி 5.25 சதவீதம்தான், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை. 44 லட்சத்தில் வருடத்துக்கு 3 சதவீதம் வட்டி குறைந்தால், ஐந்து வருடத்தில் ஆறரை லட்சம் போகிறது. ஐந்தரை லட்சம் வரியை மிச்சம் பிடிக்க ஆறரை லட்சம் வட்டியை விடுகிறோம். மாத வருமானம் தேவைப்படுபவர் வரியைக் கட்டிவிட்டுப் பணத்தைக் கையில் வைத்திருப்பதே மேல்.

வரி, தரகு, வண்டிச் செலவு, ஃப்ளாட்டில் அலமாரி, கிரில் எல்லாம் போக சுமார் 47 லட்சம் மிஞ்சும். மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். நீங்கள் ஏற்கெனவே 18 போட்டிருப்பதால் இன்னும் 12 போடலாம். மனைவிக்கு 60 ஆனதும் அவர்கள் பெயரில் 30. இந்த 42 லட்சத்துக்கு மாதக் கணக்கில் 28,700 ரூபாய். பழைய 16,500-ஐச் சேர்த்தால் 45,200. ஃப்ளாட் பராமரிப்புக் கட்டணம் மூவாயிரம் நாலாயிரம் போனாலும் செலவுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். வீடு உங்கள் பெயரில் மட்டும் இருந்து, அந்தப் பணத்தை மனைவி பெயரில் போட்டால் அந்த வட்டியும் உங்கள் வருமானமாகத்தான் கணக்காகும். ஆனால் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் உங்கள் அளவுக்கு அது சுமையாகாது. வீடு விற்கும் வருடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மூலதன லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது.

இதில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அரை கிரவுண்ட் மண்ணைக் கொடுத்துவிட்டு, பிரிபடாத பங்காக, அதாவது அடுக்குமாடி நிலத்தில் உங்கள் பாகமாக, முன்னூறு நானூறு சதுர அடியை வாங்குகிறீர்கள். கட்டடம் தேயும், மண்தான் ஏறும். எனவே மாதம் மிஞ்சுவதைச் செலவழிக்காமல் திரும்பச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருடத்தில் மறுபடி இதே துண்டு.

அதனால் என் யோசனை: இப்போது மாடியை வாடகைக்கு விடுங்கள். 68, 70 வயதுக்குள் விற்பதா இருப்பதா என்று முடிவெடுங்கள். 70-க்கு மேல் தள்ளாதீர்கள். வீடு மாறுவது என்பது சாமான் ஏற்றுவது மட்டும் இல்லை; புது இடத்தில் மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீடு, கோயில், நடைப்பயிற்சிக்கு நாலு பேர் என்று ஒரு வட்டம் உருவாக நாள் பிடிக்கும். உடம்பில் தெம்பு இருக்கும்போது மாறியவர்கள் புது இடத்தில் வேர் பிடித்துவிடுகிறார்கள். ஒருவர் போன பிறகு மற்றவரைப் பிள்ளைகள் கூட்டிப்போய்க் குடிவைக்கும் வீடு கடைசிவரை அந்நியமாகவே இருக்கிறது.

ஃப்ளாட் எங்கே வாங்குவது? மகள் கோவையில் இருப்பதால் அங்கே பார்க்கலாம். கோவையில் முதியோருக்கான குடியிருப்புகளும் நிறைய இருக்கின்றன; சாப்பாடு, மருத்துவர், அவசர மணி எல்லாம் உண்டு. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது மூன்று நான்கு. கிரயப் பத்திரம் எழுதித் தருகிறார்களா, டெபாசிட் வாங்கிக்கொண்டு குத்தகைக்குத் தருகிறார்களா? டெபாசிட் முறை என்றால் வீட்டை விற்ற லாபத்துக்கு மேலே சொன்ன 65 லட்சம் கழிவு கிடைக்காது, ஏனென்றால் நீங்கள் வீடு வாங்கவில்லை. மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் இருக்கிறதா? ஒருவர் காலமானால் மற்றவருக்குக் கட்டணம் குறையுமா? விட்டுப் போனால் டெபாசிட் எத்தனை மாதத்தில் வரும், அடுத்த ஆள் கிடைத்த பிறகுதானா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். எதற்கும் ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுப்பது, அதாவது நிலத்தைக் கொடுத்து அவர் கட்டும் ஃப்ளாட்டுகளில் பங்கு வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. அரை கிரவுண்ட் என்பதால் தனியாக யாரும் வர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்தால் பேசலாம், ஆனால் கட்டி முடிக்கும்வரை வாடகை வீட்டில் இருக்க வேண்டும், வேலை நடுவில் நின்றால் 65 வயதில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது மகன் பெயருக்கு எழுதும் விஷயம்.

குடும்பத்துக்குள் தான செட்டில்மென்ட் எழுதுவது தமிழ்நாட்டில் மலிவு. சொத்து எவ்வளவு பெரியதானாலும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. அதே சொத்தை விற்பனையாக எழுதினால் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். இந்த மலிவுதான் பல பெற்றோரை அவசரப்படுத்துகிறது. "எப்படியும் அவனுக்குத்தானே, இப்போதே முடித்துவிட்டால் நிம்மதி" என்று எழுதிவிடுகிறார்கள். எழுதிய நிமிடத்திலிருந்து நீங்கள் அந்த வீட்டில் மகனின் தயவில் இருப்பவர். மகன் தங்கமாகவே இருக்கட்டும். அவனுக்குத் தொழிலில் கடன் வந்தால் வீடு போகும். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சட்டப்படி வாரிசாக வரும் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் கதவு அடைபட்டுவிடும், விற்று இடம் மாறும் கதவும் அடைபட்டுவிடும். கோவையில் இருக்கும் மகளின் மனதையும் யோசியுங்கள்.

பிறகு பார்த்துக்கொள்ளவில்லை என்றால் பத்திரத்தை ரத்து செய்யலாமே என்பீர்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பிரிவின்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது; 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோரைக் காக்க வந்த சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகள் இப்படி ஒன்றுக்கொன்று இழுக்கும்போது, நாம் அவற்றை நம்பி வீட்டை எழுதிக் கொடுக்கக்கூடாது. பெற்ற பிள்ளைமேல் மனுக் கொடுத்து, விசாரணை நாளில் ஆபீஸ் வராந்தாவில் எதிரும் புதிருமாக உட்காரும் நிலைக்குப் போகவே வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. எந்தக் காரணத்துக்காகவாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், இருவரின் ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை உங்களுக்கே என்பதையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்வார்த்தை எடுபடாது.

மகன் மாதாமாதம் பணம் அனுப்பத் தயார் என்றால் நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு வீட்டை எழுத வேண்டியதில்லை. உயில் எழுதுங்கள். சுயமாகச் சம்பாதித்த சொத்து என்பதால் யாருக்கு எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். மகன் வருடக்கணக்கில் அனுப்பும் பணத்துக்கு ஈடாக அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு என்று உயிலில் சொல்லலாம். மகளையும் கூப்பிட்டு, இரண்டு பேர் முன்னாலும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். அந்தப் பணம் வங்கி வழியாகவே வரட்டும், கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வீடு கடைசிவரை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். சாட்சிகள் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, உயிலில் பங்கு இல்லாதவர்களாக இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மூலப் பத்திரம், பட்டா, சொத்துவரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் போட்டு, பெயரும் சர்வே எண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் பட்டாவில் இன்னும் பழைய உரிமையாளர் பெயர் இருக்கும், மாடி கட்டியது அனுமதியில் இருக்காது. இதெல்லாம் விற்கும்போதும் வங்கிக்குப் போகும்போதும்தான் வெளியே வரும், அன்றைக்கு அவசரத்தில் சரிசெய்ய முடியாது. வீடு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவியையும் உரிமையாளராகச் சேர்ப்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் போட்ட பிறகு புதிதாக ஒரு பெயரைச் சேர்க்க முடியாது. கடனில் அவர்கள் பெயர் இல்லாவிட்டால் உங்களுக்குப் பிறகு வங்கி கடனை முடிக்கச் சொல்லும், அப்போது அவர்களுக்கு எண்பது வயதுகூட ஆகியிருக்கலாம். நான்கு வயது இளையவர் என்பதால் இந்த வீட்டில் அதிக நாள் இருக்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான், எனவே எந்த வழியை எடுத்தாலும் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கணக்கைப் போடுங்கள்.